குடிகாட்டுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி

சிதம்பரத்தில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது அமலாவின் கணவர் கூப்பிட்டார். "சார், காலைல அமலா போயிட்டா. ஆபீஸ்ல எல்லாருக்கும் நீங்களே சொல்லிடுங்க." ஓராண்டாக நோயோடு இருந்தவர்தான். ஆனாலும் யாரிடம் முதலில் சொல்வதென்று தெரியாமல், வந்த பேருந்தை விட்டுவிட்டேன்.

கடலூரில் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் நான் எழுதும் நிரல்களைச் சோதித்தவர் அமலா. அவருடைய பிடிவாதம் இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கெல்லாம் தெரியும்.

ஒரு ரசாயன ஆலைக்காக, வாயு கசிந்தால் சுற்றியுள்ள ஊர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருள் செய்தோம். செய்தி அனுப்பும் பகுதியை சிங்கிள்டனாக எழுதியிருந்தேன். அதாவது நிரலின் எல்லாப் பகுதிகளும் பகிர்ந்துகொள்வது அந்த ஒரே ஆப்ஜெக்டைத்தான்; ஆலையில் ஒத்திகை நடக்கும்போது அதை ஊர்களுக்குச் செய்தி போகாத நிலைக்கு மாற்றுவோம். எல்லா டெஸ்டும் தேறிவிட்டன. மறுநாள் நிறுவ வேண்டும். அமலா டெஸ்டுகளை வரிசை மாற்றி ஓட்டினார். ஒத்திகைக்கான டெஸ்ட் முன்னால் வந்ததும், உண்மைக் கசிவுக்கான டெஸ்ட் தோற்றது.

"நல்லா ஓடுனத ஏன் மாத்துனீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஒத்திகை முடிஞ்சும் அது ஒத்திகையிலயே நிக்குது சார். அப்புறம் நெஜமா கசிஞ்சா ஒரு மெசேஜும் போவாது. எங்க அம்மா வீடு குடிகாடு சார்" என்றார்.

குடிகாடு அந்த ஆலையை ஒட்டிய ஊர். நான் நிரலைத் திறந்தேன். யார் தவறு என்று மேலாளர் தொலைபேசியில் கத்தியபோது அமலா அதை என் கையிலிருந்து வாங்கி, "எங்க ரெண்டு பேர் வேலை சார் இது. ரெண்டு நாள் குடுங்க, சரியா குடுக்கறோம்" என்றார். அந்த ஆப்ஜெக்டை எல்லாவற்றுக்கும் ஒன்றேயாக வைக்காமல், தேவைப்படும்போது புதிதாக வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றினோம்; ஒவ்வொரு டெஸ்டும் புதிய ஒன்றோடு தொடங்கியது. ஒத்திகை முடிந்ததும் அது பழைய நிலைக்குத் திரும்பும்படியும் செய்தோம்; திரும்புகிறதா என்று பார்க்க அமலா தனியாக ஒரு டெஸ்ட் எழுதினார்.

சில மாதங்கள் கழித்து, ஓர் ஒத்திகை நடந்த மறுவாரமே, ஆலையில் சிறு கசிவு. அமலா அம்மாவுக்குப் போன் போட்டார். "மெசேஜ் வந்துச்சாம் சார். கதவ சாத்திக்கிட்டு உள்ளாற இருக்காங்களாம்" என்றவர், மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடக்கத்தன்று அமலாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு எங்களுக்கு மெசேஜ் அனுப்புனது நீங்கதானாப்பா?" என்று கேட்டார்.

"ஒங்க பொண்ணுதாம்மா" என்றேன்.

இப்போதெல்லாம் என் வேலையில் யாராவது குறை சொன்னால், கோபம் வருவதற்குள் "எங்க, காட்டுங்க" என்று கேட்டுவிடுகிறேன். அமலா எனக்கு விட்டுப்போனது அது.