தூக்கிவிட ஒரு கை

டைபாய்டு காய்ச்சல் வந்து போன பிறகு என்னிடம் மிச்சமிருந்தது எலும்பும் வாயும்தான். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. அரைக்குடம் தண்ணீரை இடுப்பில் வைத்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று தேனி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தவழுகிற பிள்ளையைக்கூட யாராவது தூக்கி மடியில் விட்டால்தான் உண்டு.

எழுபதுகளின் கடைசி அது. சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் ரூமை ஒட்டி இரண்டு அறை வீடு. காய்ச்சலுக்கு முன்னால் நானும் அந்தத் தோட்டத்தில் களை எடுத்தேன், பழம் வெட்டினேன். இப்போது வெயிலில் கால் மணி நேரம் நிற்க முடியாது. உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றுதான் எனக்கு வழி. ஊர் மாதர் சங்கத்தில் இருந்த ஒரே தையல் மிஷினில் நான் தையல் பழகியிருந்தேன். அதற்கு எப்போதும் ஏழெட்டுப் பேர் முறை வைத்துக் காத்திருப்பார்கள். சொந்தமாக ஒரு மிஷின் இருந்தால் பிழைத்துக்கொள்வேன் என்று எனக்குத் தெரியும். அது நடக்கிற காரியமில்லை என்பதும் தெரியும்.

அப்போதுதான் சங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் கிராம சேவிகா அம்மா அங்கே ஒரு சேதி கொண்டுவந்தார். வைகை அணைப் பக்கத்து மைதானத்தில் மாதர் சங்கங்களுக்கெல்லாம் சேர்த்து விளையாட்டுப் போட்டி. பல்லாங்குழி, கோலம், பாட்டு இவற்றோடு தடை ஓட்டம் என்று ஒன்று. ஓடி, பள்ளம் தாண்டி, வலைக்கடியில் ஊர்ந்து, மரச்சுவர் ஏறிக் குதித்து, கடைசியில் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு கோட்டைத் தொட வேண்டும். முதல் பரிசு தையல் மிஷின்.

“நான் பேர் குடுக்கறேன்” என்றேன். உட்கார்ந்திருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கிராம சேவிகா அம்மா மட்டும் சிரிக்காமல், “பார்த்தும்மா, போட்டிக்கு இன்னும் நாள் இருக்கு” என்று பேரை எழுதிக்கொண்டார். அந்த அம்மாளை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, அன்று சோற்றைப் பரிமாறாமல் சட்டியோடு அவர் முன்னால் வைத்தேன். மறுநாள் விடியும்போது காலைத் தட்டி எழுப்பினார்.

“எந்திரி புள்ள. மிஷின் வேணுமா, வேணாமா?”

திராட்சைத் தோட்டத்தில் பந்தலைத் தாங்க வரிசை வரிசையாகக் கல்தூண்கள் நிற்கும். முதல் நாள் ஓடத் தொடங்கி இரண்டாவது தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கி, அழுகை வந்து, மூக்கும் வடிந்தது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லத் தெரிந்த மனிதர் இல்லை.

“இன்னைக்கு இந்தக் கல்லு. நாளைக்கு அதுக்கு அடுத்த கல்லு. கல்லு எங்கிட்டும் ஓடிறாது” என்றார்.

அப்படித்தான் ஓடினேன். ஒரு நாள் ஒரு கல் கூடும். பிள்ளைக்குச் சளி பிடித்து ராத்திரி தூக்கம் கெட்டால் இரண்டு கல் குறையும். கொடி கவாத்து வெட்டி முடித்து, புதுத் துளிர் விட்டுப் பந்தல் மூடிய சமயத்தில் வரிசையின் அந்தக் கடைசிவரை போய்த் திரும்ப முடிந்தது. அன்றைக்கு நான் திரும்பி வந்தபோது அவர் மோட்டாரைப் போட மறந்து நின்றுகொண்டிருந்தார்.

மற்றத் தடைகளையும் அவரே கண்டுபிடித்தார். பழைய பந்தல் கம்பியைத் தூணுக்குத் தூண் முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டி, அதன் அடியில் என்னை ஊரச் சொன்னார். கொடிக்கு அடித்த மயில்துத்த மருந்து மண்ணெல்லாம் கிடந்ததால், என் முழங்கையும் சேலையும் நீலம் பாய்ந்துவிட்டன. பள்ளம் தாண்டுவதற்கு வாய்க்கால் இருந்தது. முதல் முறை நடு வாய்க்காலில் விழுந்தேன். கரையில் உட்கார்ந்திருந்த என் பிள்ளை அதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தது. அம்மா மறுபடி விழவில்லையே என்று அழவும் செய்தது. சுவருக்கு மோட்டார் ரூமின் சுற்றுச்சுவர். அதில் ஏறி அந்தப் பக்கம் குதித்ததைவிட இந்தப் பக்கமே சறுக்கியது அதிகம்.

தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் முதலில் கேலிதான் செய்தார்கள். “என்னத்தா, செக்கு மாடு கெட்டது போ. எண்ணெய் ஏதாச்சும் வருதா?” என்பார்கள். பிறகு ஒருத்தி கொள்ளு வேகவைத்துக் கொண்டுவந்தாள். ஒருத்தி தன் வீட்டுக் கோழி முட்டையை முந்தானையில் முடிந்து வந்து, பச்சையாகக் குடிக்கச் சொல்லி எதிரே நின்றாள். நான் குமட்டினால், “மிஷினை நெனச்சுக்கிட்டே முழுங்கு” என்பாள். நான் ஓடும் நேரத்தில் என் பிள்ளை யாராவது ஒருத்தி இடுப்பில்தான் இருக்கும். உடம்பு தேறியது டாக்டர் மருந்தினால் பாதி என்றால், மறுபாதி அந்தப் பெண்களால்தான். அதை அப்போதே அவர்களிடம் சொன்னேன். “சீலையை ஒழுங்காச் சொருகிக்கிட்டு ஓடு” என்றார்கள்.

கடைசியாக மூட்டை. கனம் தூக்கலாம் என்று டாக்டர் தலையாட்டிய பிறகுதான் அதைத் தொட்டோம். அரைச் சாக்கு மணலைக் கட்டி, நான் தலையில் துணியைச் சும்மாடாகச் சுற்றி வைத்துக்கொண்டு நிற்பேன். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்து ‘ஏய்’ என்று தலைக்கு ஏற்றுவோம். நான் நடப்பேன். நாளாக நாளாக அந்த மூட்டையோடு ஓடவே செய்தேன். எங்கள் பக்கத்தில் புல்லுக்கட்டோ, நெல்மூட்டையோ, விறகோ, எதையும் தனியாளாக யாரும் தலைக்கு ஏற்றுவதில்லை. பக்கத்தில் இருப்பவரை ஒரு கை பிடிக்கச் சொல்வோம். வயலில் கடைசியாக நிற்பவள் எல்லாரிலும் பலசாலியாக இருப்பாள். அவள்தான் மற்றவர்களுக்கெல்லாம் தூக்கிவிட்டு, கடைசியில் தன் கட்டைத் தொடையில் ஏற்றி, தோளுக்குத் தள்ளி, தனியாக எடுத்துக்கொண்டு வருவாள். மைதானத்தில் எனக்கு யார் தூக்கிவிடுவார்கள் என்று நானும் யோசிக்கவில்லை, என் வீட்டுக்காரரும் யோசிக்கவில்லை. இத்தனைக்கும் மோட்டாரில் ஒரு ஆணி கழன்றால் தூக்கத்திலேயே கண்டுபிடிக்கிறவர் அவர்.

போட்டியன்று பிள்ளையை முட்டைக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி அணைக்குப் போய்ச் சேர்ந்தோம். அணையைப் பார்க்க வந்த கூட்டமெல்லாம் எங்களையும் பார்க்க வந்துவிட்டது. தடை ஓட்டத்துக்கு ஆறு பேர். வேப்பமர நிழலில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நல்ல உயரம், அகலமான கை.

“எந்த ஊருக்கா?” என்றேன்.

“ஆண்டிபட்டிப் பக்கம். வீட்ல தறி போட்டிருக்கோம். நீ?”

நான் ஊரைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். டைபாய்டு, கொட்டிய முடி, வெயில் ஆகாத உடம்பு, மிஷின் கிடைத்தால் எந்த ஜன்னலோரம் போடுவேன் என்பது வரை எல்லாவற்றையும் கொட்டினேன். பயத்தில் எனக்குப் பேச்சு நிற்காது. அவள் “ம்” கொட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், “தண்ணி குடிச்சுக்க. ஓடயில நாக்கு வறண்டுரும்” என்று தன் சொம்பை நீட்டினாள்.

விசில் ஊதினார்கள். எனக்குத் திராட்சைத் தோட்டம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. பள்ளம் வாய்க்காலைவிடச் சின்னது. வலைக்கடியில் பாம்பு மாதிரி போனேன். மரச்சுவரில் ஒருமுறை சறுக்கி, மறுமுறை தாண்டினேன். இறங்கி நிமிர்ந்தால் எனக்கு முன்னால் யாருமே இல்லை. மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன. என் மூட்டையை அணைத்துத் தூக்கினேன். முழங்கால்வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மறுபடி முயன்றேன். வயிற்றில் சுரீரென்று இழுத்தது. ஓடிப் பழகியதும் ஊர்ந்து பழகியதும் எதற்கும் உதவவில்லை. கூட்டத்துக்கு நடுவில் என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிக்கூடப் பார்க்காமல், வயலில் நிற்கிற நினைப்பில், “ஆத்தா, ஒரு கை பிடிச்சு விடு” என்றேன்.

ஆண்டிபட்டிக்காரிதான் வந்தவள். அவளும் யோசிக்கவில்லை. குனிந்து மறுமுனையைப் பிடித்தாள். ‘ஏய்’ என்று மூட்டை என் தலைக்கு வந்துவிட்டது. நான் ஓடினேன். நாலெட்டு வைத்த பிறகுதான் இது போட்டி என்பது எனக்கு உறைத்தது. பின்னால் அடுத்த பெண் வந்து, “அக்கா, எனக்கும் ஒரு கை” என்பது கேட்டது. பிறகு அதற்கடுத்தவள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. விசில்காரர், “ஏம்மா, இது போட்டிம்மா!” என்று கத்தினார். நான் கோட்டைத் தொட்டு, மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஐந்து பேருக்கும் தூக்கிவிட்டு, கடைசியில் தன் மூட்டையைத் தொடையில் ஏற்றி, தோளுக்குத் தள்ளி, அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள். முகத்தில் அவசரமே இல்லை.

நடுவர்கள் மேசையில் பேச்சு வளர்ந்தது. அடுத்தவர் உதவியோடு தூக்கியது செல்லாது என்றார் ஒருவர். அப்படிப் பார்த்தால் கடைசியாக வந்தவள் ஒருத்திதான் தனியாகத் தூக்கியவள், அவளுக்கே முதல் பரிசு என்றார் இன்னொருவர். அது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. மனசுக்குள் ஜன்னலோரம் போட்டு வைத்திருந்த மிஷின் என் கண்முன்னால் நகர்ந்து போனது.

தலைமை வகித்த அம்மா நல்லவர். ஆண்டிபட்டிக்காரியையே கூப்பிட்டு, “நீ என்னம்மா சொல்ற?” என்று கேட்டார்.

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “தூக்கி விடக் கூடாதுன்னு முன்னமே யாரும் சொல்லலையேம்மா. தூக்கி விட்டது நானு. ஓடுனது அந்தப் புள்ள. அதுக்கே குடுங்க. எங்க வீட்ல தறிக்கே எடம் பத்தல. மிஷினக் கொண்டுபோய் எங்கன போடுறது?”

எல்லாரும் சிரித்தார்கள். மிஷின் எனக்கு வந்தது. சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். “இதுக்கெல்லாமா அழுவாக?” என்றாள். இந்த மிஷினில் முதலில் தைப்பது உன் ரவிக்கைதான் அக்கா என்றேன். வேண்டாம் வேண்டாம் என்றவளை விடாமல், மிஷினில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்து, அதிலேயே முடிச்சுப் போட்டு அளவெடுத்தேன். மார்பு எடுத்தேன், தோள் எடுத்தேன். கைச்சுற்று எடுக்க, “கொஞ்சம் கையத் தூக்குக்கா” என்றேன்.

கையைத் தூக்கினாள். அக்குளுக்குக் கீழே ரவிக்கையின் மூட்டுத் தையல் தெரிந்தது. மிஷின் தையல் இல்லை. முழு ரவிக்கையும் ஊசியால் கையில் தைத்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி அத்தனை நுணுக்கமான தையல். சங்கத்தில் என்னோடு பழகியவர்களில் ஒருத்திக்கும் அப்படி வராது. கையால் இப்படித் தைக்கிற ஒருத்திக்கு மிஷின் என்றால் என்னவென்று என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

அவள் முகத்தைப் பார்த்தேன். நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையை இறக்கிக்கொண்டாள்.

“அளவு எடுத்தாச்சா? பஸ்ஸு போயிரும்” என்றாள்.

எடுத்தாயிற்று என்று தலையாட்டினேன். எனக்குப் பேச்சு வராமல் போன ஒரே நாள் அது.

சொன்னபடி முதலில் அவள் ரவிக்கையைத்தான் தைத்தேன். குமுளியிலிருந்து மதுரை போகிற பஸ் ஒன்று எங்கள் தோட்டத்து ஓரத்தில் நின்று போகும். அதன் கண்டக்டருக்கு ஆண்டிபட்டி ஸ்டாப்பில் அவளைத் தெரியும். அவரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. “ரவிக்கை நல்லா இருக்காம். கை மட்டும் இறுக்கிப் பிடிக்குதாம்.”

பிடிக்காமல் என்ன செய்யும்? அந்தக் கையை நான் அளக்கவே இல்லையே. இந்த முறை கையைத் தாராளமாக விட்டு, இன்னொரு ரவிக்கை வெட்டினேன். மிஷினை மூடி வைத்துவிட்டு, ஊசி நூல் எடுத்து, முழுவதையும் கையாலேயே தைத்தேன். அவளுடையது போல வரவில்லை. ஆனால் நான் பார்த்தது மறக்கவில்லை என்பதை அவளுக்கு எப்படியாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. விரலெல்லாம் குத்துப்பட்டுத் தைத்து அனுப்பினேன்.

கண்டக்டர் திரும்பி வரும்போது படியில் நின்றபடியே சிரித்தார்.

“அந்தக்கா உங்களை ஏசுனாகம்மா. அம்புட்டுத் தூரம் மூட்டையைத் தூக்கிவிட்டு மிஷின் வாங்க வச்சா, அதை மூடி வச்சுட்டுக் கையில தச்சிருக்கியே, உனக்குக் கிறுக்கான்னு கேட்டாக.”