நான் வாசிக்காத தாள்

அம்மா இறந்ததும், மனவளர்ச்சி குன்றிய என் தங்கை செல்வியை கேரளத்தில் ஏலப்பாறை அருகே ஒரு காப்பகத்தில் சேர்த்தேன். ஒரு மத்தியானம் சொல்லாமல் பார்க்கப் போனேன். அவள் கையைத் துப்பட்டாவால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். மணிக்கட்டு புண்ணாகியிருந்தது.

"அண்ணே, வீட்டுக்குப் போலாம்" என்று அழுதாள்.

"இவ என்ன மாடா?" என்று கத்தினேன்.

பொறுப்பாளர் அம்மா அசரவில்லை. "ஓடுனா கட்டத்தான் செய்வோம். சம்மதிச்சு கையெழுத்து போட்டது நீங்கதானே?" என்று ஒரு தாளை நீட்டினார்.

எனக்கு வாசிக்கத் தெரியாத மலையாளத்தில் இருந்த அந்தத் தாளில் என் கையெழுத்து இருந்தது.

அன்றே அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். காப்பகத்தின் மீது புகாரும் கொடுத்தேன். அவர்கள் மீதுள்ள ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. சேர்த்த அன்று, வாசித்துக் காட்டச் சொல்ல வெட்கப்பட்ட என் மீதும்தான்.