காரணம்: ஜுரம்

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஆதார் அட்டையை நகலெடுக்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன். வருகைப்பதிவு குறைந்துபோய், பரீட்சை எழுத அனுமதி கேட்டு இணையத்தில் விண்ணப்பிக்க வந்திருந்தான். கடைக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"காரணம்னு ஒரு கட்டம் வருது தம்பி. மெடிக்கல், மேரேஜ், அதர்ஸ். எதப் போட?"

"ஃபீவர்தாண்ணா. மெடிக்கலே போட்டுடுங்க."

"சர்டிபிகேட் இருக்கா?"

"அதுக்குத்தாண்ணா அடுத்து போறேன்."

ஒரு சொடுக்கில் வேலை முடிந்தது. பையன் பர்ஸைத் துழாவிக்கொண்டிருந்ததால், இயந்திரம் கக்கிய தாளை அவனிடம் தரச் சொல்லி என் கையில் கொடுத்தார். சுடச்சுட இருந்தது. உங்களுக்குக் கற்பூர வாசனையில் சாமி நினைவுக்கு வரும். எனக்குச் சூடான ஜெராக்ஸ் வாசனையில் இங்கிலீஷ் நினைவுக்கு வரும். வியாதிதான். வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன், நான் ஆங்கிலத்தில் எம்.ஃபில். முடித்திருந்தேன். என் ஆய்வேட்டை என்னையும் என் கைடையும் தவிர யாரும் படித்ததில்லை. கைடு படித்தாரா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தத் தகுதியை நம்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எழுத்து உதவி மையத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மாணவர்கள் எழுதிக்கொண்டு வரும் ஆங்கிலத்தைச் சரிசெய்ய உதவும் இடம். பெயர்ப்பலகையில் பெரிய பெயர் இருந்தது. பிள்ளைகள் வைத்த பெயர் 'கட்டுப் போடுற ரூம்'. கையும் காலும் முறிந்த வாக்கியங்கள் வந்து சேருகிற இடமில்லையா? ஜெராக்ஸ் அறையை நடுவில் பலகை வைத்துத் தடுத்து, இந்தப் பக்கத்தை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் இயந்திரம் நாள் முழுக்க மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்.

மையத்தின் பொறுப்பாளர் ஆரோக்கியமேரி மிஸ். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். முதல் நாள் நான் சட்டைப் பையில் நீலம், சிவப்பு என்று இரண்டு பேனா செருகிக்கொண்டு போனேன். சிவப்புப் பேனா இருந்தால்தான் வாத்தியார் என்று என் எண்ணம். கதவருகில் ஸ்டூலின்மேல் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதைக் காட்டினார்.

"ரெண்டையும் அதுல போடுங்க சார்."

"பேனா இல்லாம எப்படி மிஸ் திருத்துறது?"

"யாரு உங்களத் திருத்தச் சொன்னா? அவங்க வாசிப்பாங்க. நீங்க கேளுங்க. புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க. கையில பேனா இருந்தா உங்களுக்குக் காது கேக்காது சார். நான் பாத்திருக்கேன்."

கோயிலுக்குள் போகும்போது செருப்பை வெளியே விடுவதுபோல, உதவ உட்காருகிறவர்கள் பேனாவை வெளியே விட வேண்டும். எழுதியவர் எழுதியதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். மாற்றுவதும் அவர் கைதான். சாயங்காலம் பேனாவைத் திரும்ப எடுக்கும்போது அதில் க்ரீம் பிஸ்கட் வாசனை அடிக்கும். வீட்டில் என் பேனாவை எறும்பு மொய்த்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

வந்ததில் பாதி, வராமல் போனதற்கான விளக்கக் கடிதங்கள். வருகைப்பதிவு குறைந்தவர்கள் ஆங்கிலத்தில் காரணம் எழுதி ஒரு கமிட்டிக்குக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் ஆறாம் வகுப்பிலேயே ஒரு லீவ் லெட்டரை மனப்பாடம் செய்துவிடுகிறோம். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்குமே, அதுதான். பிறகு என்ன நடந்தாலும் அதுதான். பஸ்ஸைத் தவறவிட்டவனுக்கும் ஃபீவர், படத்துக்குப் போனவனுக்கும் ஃபீவர், அப்பாவோடு மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போனவனுக்கும் ஃபீவர். நானும் அப்படி வளர்ந்தவன்தான். என் ஜுரங்களை உண்மையென்று எடுத்துக்கொண்டால் நான் உயிரோடு இருப்பதே அதிசயம்.

செல்வராணி அப்படி ஒரு கடிதத்தோடுதான் வந்தாள். முசிறிக்குப் பக்கத்துக் கிராமம். இரண்டாம் வருடம் கணிதம். எதிரில் உட்கார்ந்து, தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தாள். ஒரு மாதத்துக்கும் மேலாக ஜுரம்.

"இத்தன நாள் அடிச்சா தெர்மாமீட்டரே வெடிச்சிருக்குமேங்க?" என்றேன்.

சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு நன்றாகவே சிரித்தாள். கொஞ்சம் கூடுதல் நேரம் சிரித்தாள். பிறகு அது சிரிப்பாக இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் இயந்திரம் தாள் தாளாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

"அக்கா போயிட்டாங்க சார். பிரசவத்துல. புள்ள இருக்கான். ராத்திரி பூரா என் தோள்லதான் கெடப்பான். எறக்குனா கத்துவான்."

மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன். "அதையே எழுதிடலாமேங்க. கமிட்டியில யாரும் மறுக்க மாட்டாங்க" என்றேன்.

"அதான் சார் வேணாங்கிறேன்."

"ஏன்?"

"அக்கா செத்ததச் சொல்லி ஹால் டிக்கெட் வாங்குனா, நாளைக்கு நான் என்ன வேலைக்குப் போனாலும் அக்காவ வச்சு வாங்குனதாத்தானே இருக்கும்?"

"ஜுரம்கிறது பொய்தானே?"

"பொய்தான் சார். ஆனா அது என்னோட பொய். அதுல அக்காவ இழுக்கல."

அந்த வருடம் கமிட்டி, சர்டிபிகேட் இல்லாத ஜுரங்களைப் படிக்காமலே தள்ளிவிடுகிறது என்று பேச்சு. அதைச் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினாள். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பரீட்ச எழுத விடலன்னா அப்படியே நிறுத்திடுவாங்க. அக்கா வீட்டுக்காரருக்கே என்னையக் குடுத்துடலாம்னு பேசிக்கிறாங்க. புள்ளைக்காக. மாமா நல்லவருதான். எனக்குத்தான்..."

என் மூளையில் கடிதம் தயாராகிவிட்டது. படிக்கிறவர் கண் கலங்குகிற மாதிரி, நல்ல ஆங்கிலத்தில், முதல் வரியிலேயே அக்கா. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி.

"சார், கை எங்கயோ போவுது" என்றார் அடுத்த மேசையிலிருந்து ஆரோக்கியமேரி மிஸ். பலகைத் தடுப்பு அறையில் ரகசியம் ஏது? எல்லாம் கேட்டிருக்கிறது. அவர் தன் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார். அறிவுரை வரப்போகிறது என்று நினைத்தேன்.

"இப்ப ராத்திரி தூங்குறானா?"

"இப்பத் தூங்குறான் மிஸ். அம்மாகிட்டயே தூங்கிடுறான். என் பழைய தாவணி ஒண்ணு பக்கத்துல கெடந்தாப் போதும். அதனாலதான் நான் காலேஜுக்கு வர முடியுது."

குறுக்கே பேசாமல் கேட்பது எனக்குச் சுலபமில்லை என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; அன்றைக்குக் கேட்டேன். செல்வராணி, தான் கடைசியாகச் சொன்னதைத் தானே ஒரு தடவை கேட்டுக்கொண்டதுபோல இருந்தாள். பிறகு ஜுரத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். புதுத் தாள் எடுத்தாள். அவள் பேனா எழுதவில்லை. உதறினாள், ஊதினாள், அப்போதும் எழுதவில்லை. நான் டப்பாவைக் காட்டினேன். போய் என் நீலப் பேனாவை எடுத்துவந்தாள்.

எழுதி முடித்ததும் விதிப்படி சத்தமாக வாசித்தாள். ஆங்கிலம்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இத்தனை நாளும் நான் வீட்டில் இருந்தேன். என் அக்காவின் குழந்தைக்கு என் தோளில்தான் தூக்கம் வந்தது. இப்போது அவன் என் அம்மாவிடம் தூங்குகிறான். விட்டுப்போன பாடங்களை வீட்டிலேயே படித்திருக்கிறேன். பரீட்சை எழுத என்னால் முடியும்.'

ஜுரம் இல்லை. சாவும் இல்லை. தயவுசெய்து என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. இரண்டு பிழைகள் என் காதில் விழுந்தன. கையில் பேனா இருந்திருந்தால் அவற்றைச் சுழித்திருப்பேன். அந்தக் கடிதத்தில் வேறெதுவும் என் காதில் விழாமலே போயிருக்கும். சும்மா இருந்தேன். மிஸ் மட்டும், "இன்னொரு தடவ வாசிங்க" என்றார். திருத்துவதற்காக இல்லை என்று எனக்குப் பட்டது. இந்தத் தடவை செல்வராணியின் குரல் எங்கும் தடுக்கவில்லை.

அனுமதி கிடைத்தது. கமிட்டியில் யார் படித்தார்கள், என்ன நினைத்தார்கள் என்பதெல்லாம் தெரியாது. பரீட்சை முடிந்த நாளில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ்ஸின் ஜன்னலோரத்தில் அவளைப் பார்த்தேன்.

"வீட்ல என்ன சொல்றாங்க?" என்றேன்.

"இந்த வருஷம் பேச்ச நிறுத்திட்டாங்க சார். அடுத்த வருஷத்த அப்பப் பாத்துக்கலாம்."

பிறகு பையிலிருந்து என் நீலப் பேனாவை எடுத்தாள். தரப்போகிறாள் என்று கையை நீட்டினேன். "இதுலதான் சார் எல்லாப் பேப்பரும் எழுதுனேன்" என்று காட்டிவிட்டு மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டாள். பஸ் நகர்ந்தது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் டாட்டா காட்டினேன். அவளை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான். அடுத்த வருடத்தை எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று தெரியாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு சான்றிதழுக்காக அந்தக் கல்லூரிக்குப் போயிருந்தேன். பலகைத் தடுப்பை எடுத்துவிட்டார்கள். ஏ.சி. போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, உள்ளே கம்ப்யூட்டர்ப் பெட்டிகள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆரோக்கியமேரி மிஸ் வெளியூருக்கு மாற்றலாகிப் போய்விட்டாராம். பிஸ்கட் டப்பாவைப் பற்றி யாரிடம் கேட்பது? கேட்டிருந்தால் பசியென்று நினைத்து கேன்டீனுக்கு வழி காட்டியிருப்பார்கள்.

கடைக்குத் திரும்புகிறேன். பையன் போன பிறகு, "அந்த அதர்ஸ அமுத்துனா என்ன வரும்?" என்று கேட்டேன்.

"ஏன் சார், உங்களுக்கும் அட்டெண்டன்ஸ் கம்மியா?" என்று சிரித்துக்கொண்டே அமுக்கிக் காட்டினார். ஒரு வரிக்குச் சின்னக் கட்டம் ஒன்று திறந்தது. உள்ளே கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

'இப்போது அவன் என் அம்மாவிடம் தூங்குகிறான்.' மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். கட்டத்துக்குள் அடங்கியது. இன்னும் கொஞ்சம் இடம்கூட மிச்சமிருந்தது. அதை வாசிக்கச் சொல்லி, வெறுங்கையோடு எதிரில் உட்கார்ந்து, இன்னொரு தடவை வாசிங்க என்று கேட்க அங்கே ஆள்தான் இல்லை.

"ஆதார் எத்தன காப்பி சார்?" என்றார் கடைக்காரர்.