பழனிக்கு நேர்ந்த முடி

சீப்பில் நாலு முடி கூடுதலாக வந்தாலே ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுவேன். மகள் தலையைச் சொறிந்தால் வெளிச்சத்துக்கு இழுத்துவந்து பார்ப்பேன். “ஒன்னுமில்லாததுக்கு ஏன்டி இப்படிச் சாகுற?” என்பார் வீட்டுக்காரர். எட்டாவதோடு நின்றவள் நான். அவருக்குப் புரியும்படி சொல்லத் தெரியாது.

திண்டுக்கல்லை ஒட்டிய எங்கள் ஊரில், தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு வந்து தேங்கும் பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் கிணறு. தண்ணீர் லேசாக மஞ்சளடிக்கும். வீட்டில் அதைத்தான் குடித்தார்கள், குளித்தார்கள். நான் வத்தலக்குண்டில் அத்தை வீட்டில் இருந்து படித்தேன். லீவுக்கு மட்டும் வருவேன். தங்கச்சிக்குக் கையிலும் காலிலும் புண். ஓரிடத்தில் ஆறினால் இன்னோரிடத்தில் கிளம்பும். வயிற்றுவலி வேறு. அவள் தேறினால் பழனியில் முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டு, அந்தத் தலையில் கத்தரியே படாமல் வைத்திருந்தாள் அம்மா.

ஒரு வருஷம் முழுப்பரீட்சை லீவில் மதுரையிலிருந்து ஒரு அம்மா வந்தார். உடம்பில் சேருகிற உலோகங்களைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிற டாக்டர். டாக்டர் என்றதுமே தெரு சனம் பூராவும் புண்ணைக் காட்டிக்கொண்டு நின்றது. “நான் ஊசி போடுற டாக்டர் இல்லம்மா” என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு வாய் வலித்திருக்கும். பிள்ளைகளின் பிடரியில் கொஞ்சம் முடி நறுக்கி, பேர் எழுதிய கவரில் போட்டுக்கொண்டார். தோல் பதனிடப் போடுகிற குரோமியம் என்று ஒன்று தண்ணீர் வழியாக உள்ளே போயிருந்தால் முடியில் தெரிந்துவிடுமாம்.

தங்கச்சியிடம் வந்தபோது அம்மா மறித்துவிட்டாள். “பழனிக்கு நேந்த முடி தாயி. கத்தரி பட்டா சாமி குத்தமாயிரும்.”

“இவ முடிதான்மா எனக்கு முக்கியமா வேணும். யோசிச்சு வைங்க, போகையில வாரேன்” என்று கவரைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அம்மாவுக்கு அவரைச் சும்மா அனுப்பவும் மனசில்லை, சாமியைப் பகைக்கவும் தைரியமில்லை. பிள்ளைக்கு என்னவென்று தெரிந்தாகவும் வேண்டும். செத்த நேரம் கழித்து, கத்தரியோடு வந்து என்னைக் குனியச் சொன்னாள்.

“அவ கவர்ல என் முடியவா போடப்போற?”

“ஒரு வயித்துல பொறந்ததுக. ரெண்டும் ஒன்னுதான். வாய மூடிக்கிட்டுக் குனி.”

“ஐ! அக்கா தலையில எலி கடிச்சிருச்சு!” என்று தங்கச்சி கைதட்டிச் சிரித்தாள்.

காலாண்டு லீவில் நான் வந்திருந்தபோது அந்த மதுரை டாக்டரம்மாவும் வந்தார். மற்ற வீடுகளில் கிணற்றை விட்டுவிடச் சொன்னவர், எங்கள் வாசலில் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவளும் இந்தத் தண்ணிதானே குடிக்கிறா?”

“ஆமா தாயி.”

“இவ முடியில பெருசா ஒன்னும் இல்லையே. புண்ணுக்கு வேற காரணமா இருக்கும், பெரியாஸ்பத்திரியில காட்டுங்க. எதுக்கும் தண்ணிய மாத்திருங்க.”

அம்மாவின் காதில் முதல் வரிதான் ஏறியது. முருகன் காப்பாற்றிவிட்டான் என்று அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் ரோட்டுக் குழாய்க்குக் குடம் தூக்க, நாங்கள் கிணற்றிலேயே இறைத்தோம். “இவுகளுக்கு மட்டும் தனியா ஊறுது போல” என்று பக்கத்து வீட்டுக்காரி நொடித்தாள்.

தங்கச்சி பெரியவளாகும் முன்பே சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ள வந்த நான் திரும்பப் படிக்கப் போகவில்லை. எதனால் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஓயவில்லை.

ஆனால் அந்தக் காலாண்டு லீவில் வீட்டில் ஒரே சந்தோஷம். புண் ஆறாவிட்டால் என்ன, நல்ல சேதி வந்துவிட்டதே என்று பழனிக்குக் கூட்டிப்போய் முடி இறக்கினோம். மழித்தெடுத்த முடியைக் கூடையோடு எங்கோ கொண்டுபோனார்கள். ஊர் திரும்பியதும், பஸ் புழுதி போகக் கிணற்றடியில் அவளைக் குளிக்கவைத்தோம். மொட்டைத் தலையில் அங்கங்கே கத்தி கீறியிருந்தது. முதல் வாளி விழுந்ததும் வீறிட்டாள்.

“எரியுதுக்கா, போதும்!”

சந்தனம் கண்ணில் இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். அது கழுவிப்போகட்டும் என்று இன்னும் ரெண்டு வாளி இறைத்து ஊற்றினேன்.