மஞ்சளா, பச்சையா?

என் மகளுக்கு மூன்று வயது நிறையும் சமயத்தில் கன்னங்கள் உப்பிக்கொண்டே வந்தன. ராயபுரத்தில் எங்கள் தெருவே அவளைக் கிள்ளிக் கொஞ்சியது. "இன்னா துன்னக் குடுக்கற கொயந்திக்கு? பன்னு கணக்கா கீதே!" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டபோது என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு காலையில் இமைகள் வீங்கி, குழந்தையால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. செருப்பு காலில் ஏறவில்லை. அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரோடு ஒழுகிப்போகிற நோய். குழந்தைகளுக்கு அபூர்வமாக வருவது. நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்றார் டாக்டரம்மா. துறைமுகத்தில் வேலை பார்ப்பவன் நான். அது ஏதோ வெளிநாட்டுக் கப்பலின் பெயர்போலத்தான் காதில் விழுந்தது.

"மாத்திரையில கட்டுப்படும். ஆனா திரும்பவும் வரலாம். அதனால தினமும் வீட்டுலயே நீங்க பாக்கணும்" என்று ஒரு டப்பாவைக் கொடுத்தார். உள்ளே மெல்லிய குச்சிகள். காலையில் முதல் சிறுநீரில் நனைக்க வேண்டும். நுனி மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் புரதம் போகிறது.

அன்று முதல் எங்கள் காலை பாத்ரூம் வாசலில்தான் விடிந்தது. நான் பிளாஸ்டிக் டம்ளரும் குச்சியுமாகக் குந்தியிருப்பேன். அடுப்படியிலிருந்து மனைவி, "கலரு இன்னா?" என்பாள். எங்களோடு இருக்கும் என் தம்பி, போர்வைக்குள் இருந்தபடியே, "மஞ்சாவா?" என்பான். மஞ்சள் என்றதும் மகள் பால்கனிக்கு ஓடித் தெருவுக்கே அறிவிப்பாள்: "எனக்கு மஞ்சா!" கீழே இட்லி விற்கும் அக்கா, "சூப்பரு கண்ணு!" என்று கரண்டியை ஆட்டுவார்.

மாத்திரை அவளுக்குப் பயங்கரப் பசியைக் கொடுத்தது. தோசைக்கல் காய்வதற்குள் தட்டோடு உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு உப்பு ஆகாது என்பதால் வீடு முழுக்க உப்பைக் குறைத்துக்கொண்டோம். தம்பி மட்டும் கருவாட்டுக்காக வியாசர்பாடியில் ஒரு தோஸ்து வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான். இடையில் இரண்டு முறை குச்சி பச்சையாகி, அதே பச்சை நாள்கணக்கில் நீடித்தது. முழு அளவில் மாத்திரை, ஊசி, அழுகை எல்லாம் மறுபடி முதலிலிருந்து. பிறகு மறுபடி மஞ்சள்.

அப்புறம்தான் அந்தக் கல்யாணம் வந்தது. மீஞ்சூரில் என் மனைவியின் அக்கா மகளுக்கு. அன்று மாலை வரவேற்பு. காலையில் மஞ்சளைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போனேன். மதியம் மனைவியிடமிருந்து போன்.

"பாத்ரூம் ஜன்னல்ல ஒரு குச்சி கீது. பச்சை. நல்லா கரும்பச்சை!"

"காலையில மஞ்சாதானே பாத்தேன்?"

"அது வேற. இது வேற. நீ வூட்டுக்கு வா."

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, டிரெய்லர் வண்டிகளின் நீண்ட வரிசையின் ஓரமாகவே பைக்கை ஓட்டினேன். வீட்டில் மனைவி கட்டிய பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணப் பையிலிருந்த துணியைக் கொட்டிவிட்டு ஆஸ்பத்திரி ஃபைலை உள்ளே வைத்திருந்தாள். மகளோ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இட்லி தின்றுகொண்டிருந்தாள். முகத்தில் வீக்கம் இல்லை. காலை அழுத்திப் பார்த்தேன், குழி விழவில்லை.

மறுபடி சோதித்தோம். மஞ்சள். நம்பாமல் இன்னொரு குச்சி. அதுவும் மஞ்சள்.

"அப்ப அது யாரோட்து?" என்று மனைவி தம்பியைப் பார்த்தாள்.

"அண்ணி, சத்தியமா நான் இல்ல!"

இட்லியை விழுங்கிவிட்டு மகள் நிதானமாகச் சொன்னாள்: "அது பூனையோட்து."

எங்கள் மாடிப்படியில் ஒரு தெருப்பூனை வந்து போகும். "பூனை உச்சாவையா புட்ச்ச?" என்றேன்.

"இல்ல நைனா. அது பால் குட்ச்சிகினு இருந்துச்சு. குச்சிய எட்த்து கிண்ணத்துல வுட்டேன். பச்சை ஆயிட்ச்சு. பாவம், அதுக்குக் கண்ணு வீங்கிடும்."

பாலில் இருப்பதே புரதம்தானே. குச்சி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது! மனைவி முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், அழுதுகொண்டே மறுபடி சிரித்தாள். நான் அந்தக் கரும்பச்சைக் குச்சியை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

மகளை அவ்வளவு சுலபமாகக் கிளப்ப முடியவில்லை. பூனையை டாக்டரிடம் கூட்டிப்போகாமல் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றாள். தம்பி பிஸ்கட்டை மாத்திரை அளவுக்கு உடைத்து, அவள் கண் முன்னால் பூனைக்குக் கொடுத்தான். அதற்குள் ஒரு ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு மீஞ்சூர் போய்ச் சேர்ந்தோம். மேளத்துக்கு முன்னால் அவள் ஆடிய ஆட்டத்தில் மணப்பெண்ணே மேடையை விட்டு இறங்கி வந்து கூட ஆடினாள்.

இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. மாத்திரையை டாக்டரம்மா படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார். சோதனை மட்டும் தொடர்கிறது. பாத்ரூம் கதவை உள்பக்கம் சாத்திக்கொண்டு, "நைனா, நான் பெரிய பொண்ணு. நீ வெளியவே நில்லு" என்கிறாள். உள்ளிருந்து அவள் நிறத்தைச் சொல்லும்வரை நானும் நிற்கிறேன்.