ஏன் ஒன்று இல்லை என்று கேட்டவர்

சனிக்கிழமை காலை செரண்டா பெட்ரோல் நிலையத்தில் காருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் வாட்சாப் குழுவில் செய்தி வந்தது. தனபாலன் தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். "சொன்னேனே, கேட்டாரா இந்த மனுசன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு நின்றவர் திரும்பிப் பார்த்தார். ஒருவர் மறைந்ததைப் பற்றி இப்படி எழுத ஆரம்பிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவரையும் என்னையும் அறிந்தவர்கள் நீங்கள், பொறுத்துக்கொள்வீர்கள்.

தோட்டத்து மருந்தகத்தில் காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரஸராக இருந்தவர் தனபாலன். மருந்தகத்தை மூடிய பிறகு ஆலோசகர் பயிற்சி எடுத்துக்கொண்டு, குடியிலிருந்து மீள நினைப்பவர்களுக்காக ஈஜோக்கில் நாங்கள் நடத்தும் சிறு மையத்துக்கு வந்து சேர்ந்தார். பதினோரு ஆண்டுகள் அவருக்கும் எனக்கும் எதிரெதிர் மேசை. கடைசிவரை எல்லாருக்கும் அவர் டிரஸர்தான்.

அவருடைய நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது. வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: குடியை விடவேண்டும் என்கிற ஆசை பத்துக்கு எத்தனை இருக்கும்? செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டிய மாணிக்கம் முதன்முறை வந்தபோது, மனைவி சுமதி பக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, மூன்று என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்சு சாராயம் குடித்துக் குடித்து ஈரல் வீங்கியிருக்கிறது, முதலாளி கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டார், இதில் ஆசை மூன்றுதானாம். தனபாலனோ நல்ல சேதி கேட்டவர்போல முன்னால் சாய்ந்து, "ஏன் ஒண்ணு சொல்லல?" என்றார். மாணிக்கம் அதை எதிர்பார்க்கவில்லை. தூக்கப் போனால் சின்ன மகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று மெல்ல ஆரம்பித்தார்.

அவர்கள் போன பிறகு நான் சண்டைக்குப் போனேன். "ஏன் பத்து இல்லன்னு கேட்டா சாக்கு வரும் லீலா. ஏன் ஒண்ணு இல்லன்னு கேட்டாத்தான் காரணம் வரும்" என்றார் தனபாலன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்து மாதம் கழித்தும் மாணிக்கத்தின் மூன்று, நான்குக்குத்தான் ஏறியிருந்தது. சுமதி தினமும் எனக்குத்தான் போன் செய்து அழுதாள், அவருக்கு அல்ல.

பொறுக்க முடியாமல் நான் ஒரு காரியம் செய்தேன். தனபாலன் கலும்பாங்குக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த நாளில், சுமதியும் நானுமாக மாணிக்கத்தைத் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனோம். இனி தொடமாட்டேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். நிஜமாகவே நிறுத்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று தனபாலனிடம் அளந்தேன். "நல்லது. ஆனா அது அவரு சத்தியமா, நம்ம சத்தியமான்னு தெரியலயே" என்றதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

இருபத்தாறாம் நாள் கோயில் திருவிழா. முனியாண்டிக்கு என்ன படைப்போம் என்று உங்களுக்குத் தெரியும்: கோழி, சுருட்டு, பீர் போத்தல். சத்தியம் வாங்கிய அன்று எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த படையல், எப்படி மறந்தேன் என்று இன்றும் விளங்கவில்லை. பூசாரி படையல் பீரை ஒரு மடக்கு நீட்டினார். சாமிக்குப் படைத்ததை வேண்டாம் என்று சொல்ல மாணிக்கத்துக்கு வாய் வரவில்லை. குடித்துவிட்டார். சத்தியம் உடைந்துவிட்டது, சாமி இனிமேல் சும்மா விடாது, இனி நிறுத்தி என்ன பயன் என்று அதன்பிறகு மூன்று வாரம் விடாமல் குடித்தார். நான் வீட்டுக்குப் போனால் சமையலறை வழியாக வெளியேறிவிடுவார். லோரி வேலையும் போனது.

தனபாலன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை. என்னையும் அழைத்துக்கொண்டு மாணிக்கத்தின் வீட்டுக்குப் போய், பூட்டிய கதவுக்கு வெளியே நின்று நிதானமாகச் சொன்னார்: "சத்தியத்தப் பத்திப் பேச வரல மாணிக்கம். அந்த இருவத்தாறு நாளும் எப்படி இருந்துச்சுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கதவு திறந்தது. கை நடுங்காமல் சவரம் செய்துகொண்டதையும், மகள் தானாக வந்து மடியில் உட்கார்ந்ததையும் மாணிக்கம் ஒரு மணி நேரம் சொன்னார். கடைசியில், யாரும் கேட்காமலே, "இப்ப அஞ்சு இருக்கும்லா டிரஸர்" என்றார். அடுத்த வாரம் மையத்துக்கு வந்தார். நடுவில் இரண்டு முறை சறுக்கினார், இரண்டு முறையும் திரும்பி வந்தார். இப்போது வேறொருவரிடம் லோரி ஓட்டுகிறார்.

இவ்வளவு தெரிந்த மனிதர் தன் உடம்பை என்ன செய்தார்? இனிப்பு நீர் வியாதி அவருடைய சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு ஆரம்பித்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் சொல்லி எட்டு மாதம் ஆனது. பார்க்கலாம், பார்க்கலாம் என்றே கடத்தினார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவரைக் கேட்க ஆள் இல்லை என்று அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கெஞ்சினேன், கத்தினேன், வீங்கிய காலை எல்லார் முன்னிலையிலும் சுட்டிக்காட்டினேன். ஒருநாள், உங்களையும் முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் அணைக்க வைக்கிறேன் என்றேன். "எனக்கும் பீர் குடுப்பாங்களா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இழவு வீட்டில் மாணிக்கம் என் பக்கத்தில் வந்து நின்றார். நாளைக்கு லீவு போட்டிருந்தேன் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"ரெண்டு வாரத்துக்கு முந்தி சும்மாதான் கேட்டேன்கா. டிரஸர், அந்த மெஷினுக்குப் போக ஆசை பத்துக்கு எத்தனைன்னு. நாலுன்னாரு. ஏன் ஒண்ணு சொல்லலன்னு கேட்டேன். இன்னும் ஆளுங்க வராங்களே, பாக்கணுமேன்னாரு. சரி, ஆறாவறதுக்கு என்ன வேணும்னேன். தனியா ஒக்காந்து ரத்தம் போறதப் பாக்கப் பயமா இருக்கு, பக்கத்துல ஒரு ஆளு இருந்தாப் போவேன்னாரு. நான் ஒக்கார்றேன்னேன். திங்கக்கெழம மொத நாளு."

ஊரார் காயத்தையெல்லாம் கழுவிக் கட்டியவருக்கு இரத்தத்தைப் பார்க்கப் பயம். எட்டு மாதம் எனக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் நான் கேட்கவே இல்லை. ஏன் போகவில்லை, ஏன் போகவில்லை என்று மட்டும்தான் கேட்டேன். அவர் சொன்ன மாதிரியே சாக்குகள்தான் வந்தன. அவர் மீது இருந்த கோபம் அந்த இடத்திலேயே என் மீது திரும்பியது. இன்னும் இறங்கவில்லை. ஒரு வாரம் முன்னால் மருத்துவமனையில் நாள் கிடைத்திருந்தால் என்று நினைக்கும்போது சாமி மீதும் கொஞ்சம் திரும்புகிறது.

திங்கட்கிழமை, போட்ட லீவை என்ன செய்வதென்று தெரியாமல் மாணிக்கம் மையத்துக்கு வந்தார். தனபாலனின் மேசையைத் தாண்டி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். இன்றைக்கு எத்தனை என்று கேட்டேன்.

"ரெண்டுக்கா" என்றார்.

ஏன் இவ்வளவு இறங்கியது, அந்த மனிதர் பட்ட பாடெல்லாம் வீணா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். என் சுபாவம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். தனபாலனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. எதிர் மேசையில் இருந்தவரிடம் கேட்காமல் விட்ட அதை மாணிக்கத்திடம் கேட்டேன்.

"ஏன் ஒண்ணு சொல்லல?"