பாலித் தீவின் மூன்றாவது அலை

உடுமலைப்பேட்டையில் எனக்குப் பம்ப்செட் கடை. தொண்ணூறுகளில் ஒரு வருடம், நன்றாக விற்ற டீலர்களைக் கம்பெனி குடும்பத்தோடு பாலித் தீவுக்குக் கூட்டிப்போனது. அங்கே வெள்ளைக்காரர்கள் பலகையில் நின்றபடி அலைமேல் சறுக்கி வந்தார்கள். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

என் மனைவி எழுந்தாள். "நானும் ஒருக்கா போய்ப் பாக்கட்டுங்களா?"

"பேசாம உக்காரு அம்மணி. அலை இழுத்துட்டுப் போயிரும்."

அவள் துப்பட்டாவை என் மடியில் போட்டுவிட்டு, பலகை வாடகைக்கு விடுபவரோடு கடலில் இறங்கிவிட்டாள். இரண்டு முறை கவிழ்ந்தாள். நான் கரையில் நின்று கத்தினேன். மூன்றாவது அலையில், பலகைமேல் குப்புறப் படுத்துச் சிரித்துக்கொண்டே என் காலடிக்கு வந்து சேர்ந்தாள்.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"எங்கூட்டுக் கிணத்துல மேலிருந்து குதிப்பேனுங்க. நீங்க கேக்கவே இல்லீங்களே."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். எனக்கு நீச்சல் தெரியாது என்பதால் அவளையும் கிணற்றில் இறங்க விட்டதில்லை.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, மிதப்பதற்காக முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக் கிணற்றின் கடைசிப் படியில் தயங்கி நின்றேன். தண்ணீருக்குள்ளிருந்து அவள் கை நீட்டினாள்.

"வாங்க. நான் புடிச்சுக்கறேனுங்க."

ஊரில் பாதிக் கிணறுகளுக்கு மோட்டார் விற்றவன், அன்றுதான் என் கிணற்றில் நனைந்தேன்.